யானைகள் மட்டும் மிஞ்சிய ஆட்டம்

2025 ஜூலை 28. அன்று ஆடிப்பூரம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறியபோது நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கம் போகிற கூட்டம். பூக்கூடை, அர்ச்சனைப் பை, இடுப்பில் குழந்தை. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைபேசியைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். திரையில் ஒரு சதுரங்கப் பலகை. மேலே ஒரு கடிகாரம், கீழே ஒரு கடிகாரம். கீழே இருந்தது வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கிரிக்கெட்டா?"

"இல்லக்கா, செஸ். பொண்ணுங்க உலகக் கோப்பை ஃபைனல். ரெண்டு பேரும் இந்தியாதான். ஒருத்தவங்க ஆந்திரா, இன்னொரு பொண்ணு நாக்பூர்."

"ரெண்டு பேருமே நம்மவங்களா? அப்புறம் என்ன, யாரு ஜெயிச்சாலும் நமக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைக் காலுக்கு நடுவில் நகர்த்திக்கொண்டார்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. இரண்டு நாளாக எங்கள் ஆசிரியர் அறையிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் உறுத்தியது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு அங்கே 'நமக்கு' என்று ஒன்று கிடையாது. ஒருத்தர் ஜெயிப்பார், ஒருத்தர் தோற்பார். தோற்றவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு மூவை விடிய விடிய நினைப்பார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் பார்த்த பத்திரிகைகளில் எல்லாம் ஒரே படம். அந்த நாக்பூர்ப் பெண் திவ்யா தேஷ்முக் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற படம். அதைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் ஆட்டம்? பத்தொன்பது வயதுப் பெண், முப்பத்தெட்டு வயது அனுபவசாலி, கண்ணீர், அம்மா, பரிசுத் தொகை என்று எல்லாம் இருந்தது. யார் எங்கே தடுமாறினார், எப்படி மீண்டார், எந்த இடத்தில் ஆட்டம் கைமாறியது என்று தேடினேன். கடைசிப் பத்தியில் கொஞ்சம் கிடைத்தது.

திவ்யாவே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் போட்டி முடிந்த கையோடு, தனக்குத் திருப்தி தந்த சில ஆட்டங்களை ஆடியிருந்தும் பார்க்கிறவர்கள் தன் உடையையும் முடியையும் பேசுகிற விதத்தையும்தான் கவனிக்கிறார்கள், ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று சமூக வலைத்தளத்தில் மனம்விட்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 18. அதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு ஒரு எண்ணம்: இந்தப் பெண் ஒரு நாள் பெரிய ஆட்டம் ஒன்று ஆடுவார், அன்றைக்கு நான் ஆட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். நான் கிராண்ட்மாஸ்டர் இல்லை. மாநில அளவில் சில வருஷம் ஆடிவிட்டு நிறுத்தியவள், இப்போது கணக்கு வாத்தியார். ஆனால் யானை எண்ட்கேம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பலகையில் மிஞ்சியதும் யானைகளும் சிப்பாய்களும்தான்.

போட்டி நடந்த பாட்டுமி, கருங்கடல் ஓரத்தில் இருக்கிற ஜார்ஜிய நகரம். பெண்கள் சதுரங்கத்துக்கு ஜார்ஜியா தாய்வீடு மாதிரி. நோனா கப்ரிந்தாஷ்விலி 1962 முதல் 1978 வரை உலக சாம்பியன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரும் இன்னொரு ஜார்ஜியப் பெண்ணே, பதினேழே வயதான மாயா சிபுர்தனிட்ஸே. 1991 வரை பட்டம் மாயாவிடம் இருந்தது. இருபத்தொன்பது வருஷம் அந்தச் சின்ன தேசத்தை விட்டு அது வெளியே போகவில்லை. இருபது வயது மூத்தவரை எதிரே உட்கார வைத்து ஒரு இளம்பெண் ஆடுவது அந்த மண்ணுக்குப் புதிய காட்சி இல்லை.

மூத்தவர் கொனேரு ஹம்பி. 1987இல் ஆந்திராவின் குடிவாடாவில் பிறந்தவர். 'சாம்பியன்' என்ற சொல்லிலிருந்துதான் மகளுக்கு அப்பா அந்தப் பெயரையே எடுத்தார். கல்லூரி வேலையை விட்டுவிட்டு மகளுக்குப் பயிற்சியாளராக ஆனவர் அவர். 2002இல் பதினைந்து வயதில் ஹம்பி கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, மிகச் சிறிய வயதில் அந்தப் பட்டம் பெற்ற பெண் என்று ஹங்கேரியின் யூதித் போல்கர் வைத்திருந்த சாதனை உடைந்தது. 2007இல் 2600 ரேட்டிங்கைத் தாண்டினார். போல்கருக்கு அடுத்து அதைத் தாண்டிய இரண்டாவது பெண். 2011இல் உலக சாம்பியன் பட்டத்துக்குச் சீனாவின் ஹூ யிஃபானோடு மோதித் தோற்றார். குழந்தைக்காக இரண்டு வருஷம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்து, 2019இல் மாஸ்கோவிலும் 2024இல் நியூயார்க்கிலும் உலக ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) பட்டம் வாங்கினார்.

திவ்யா 2005 டிசம்பரில் நாக்பூரில் பிறந்தவர். அவர் பிறந்தபோது ஹம்பி கிராண்ட்மாஸ்டராகி மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாட்டுமிக்குப் போனபோது திவ்யா கிராண்ட்மாஸ்டர் இல்லை. அந்தப் பட்டத்துக்கு மூன்று நார்ம், அதாவது போட்டிகளில் அந்தத் தரத்துக்கு ஆடியதற்கான அங்கீகாரம், வேண்டும். அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. தர வரிசையில் பதினைந்தாவது இடம்.

107 பேர் ஆடிய நாக் அவுட் போட்டி அது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கிளாசிக்கல் ஆட்டம், அதாவது நேரம் தாராளமாக உள்ள நீண்ட ஆட்டம். அது சமமானால் மறுநாள் டை-பிரேக்: முதலில் பதினைந்து நிமிட ஆட்டங்கள், பிறகு பத்து நிமிடம், பிறகு ஐந்து என்று நேரம் குறைந்துகொண்டே வரும். காலிறுதிக்கு வந்த எட்டுப் பேரில் நாலு பேர் இந்தியர்கள். அதில் நம் வைஷாலி, சீனாவின் டான் ஜோங்யியிடம் தோற்றார். ஹரிகாவைத் திவ்யா வென்றார். அரையிறுதியில் அதே டான் ஜோங்யியை, அதாவது ஒரு முன்னாள் உலக சாம்பியனை, 101 மூவ் நீண்ட ஒரு ஆட்டத்தில் திவ்யா சாய்த்தார்.

ஹம்பியின் அரையிறுதியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதை மறந்துவிட்டார்கள். எதிரே சீனாவின் லெய் டிங்ஜியே. இரண்டு கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. மறுநாள் பதினைந்து நிமிட ஆட்டம் இரண்டும் முடிவில்லாமல் போயின. முதல் பத்து நிமிட ஆட்டத்தில் ஹம்பி தோற்றார். அடுத்ததை ஜெயித்தே ஆக வேண்டும், டிரா ஆனாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். ஜெயித்தார். அதன்பிறகு ஐந்து நிமிட ஆட்டம் இரண்டையும் ஜெயித்தார். ஒரே நாளில் ஆறு ஆட்டம், முப்பத்தெட்டு வயதில். நான் ஒரு நாளைக்கு ஆறு பீரியட் எடுத்துவிட்டு வந்தாலே அன்றைக்குச் சாயங்காலம் பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசை எண்ணத் திணறுவேன். அவர் அந்த ஆறு ஆட்டத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு ஃபைனலுக்கு உட்கார்ந்தார்.

ஃபைனலின் இரண்டு கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. முதல் ஆட்டத்தில் திவ்யாவுக்கு நல்ல வாய்ப்பு வந்து கைநழுவியது. இரண்டாவது அமைதியாகவே போனது. டை-பிரேக்கின் முதல் ரேபிட்டும் டிரா. நான் பஸ் ஏறும்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாவது ரேபிட். ஹம்பிக்கு வெள்ளை, திவ்யாவுக்குக் கருப்பு.

ஹம்பி ஆடியது கேட்டலான். ஆரவாரம் இல்லாத தொடக்கம் அது. வெள்ளை பிஷப்பை ஜி2 கட்டத்தில் உட்கார வைத்துவிட்டால், அது மூலையிலிருந்து பலகையின் குறுக்கே நெடுகப் பார்த்துக்கொண்டே இருக்கும். உடனே ஒன்றும் நடக்காது. எதிராளி எங்கேயாவது கொஞ்சம் அசந்தால் இருபது மூவ் கழித்து அந்தப் பிஷப்பின் பார்வையில் ஒரு சிப்பாய் வலுவிழந்து நிற்கும். பொறுமை உள்ளவர்களின் ஆயுதம். ஹம்பி வாழ்நாள் முழுக்க ஆடிய சதுரங்கமே இந்த மாதிரிதான். அவசரமே படாமல் எதிராளியை மெல்ல மெல்ல நெருக்குவார்.

அன்று நெருக்க முடியவில்லை. திவ்யா கேட்டலானுக்குப் பதில் தெரிந்து வந்திருந்தார். நிலைமை சமமாகவே நின்றது. பலகையில் சமம், கடிகாரத்தில் சமம் இல்லை. ஹம்பி யோசித்த நேரம் அதிகம். பதினைந்து நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் பத்து விநாடி கூடுதல். அந்தப் பதினைந்து நிமிடம் தீர்ந்துவிட்டால் பிறகு அந்தப் பத்துப் பத்து விநாடியில்தான் பிழைக்க வேண்டும். பத்து விநாடியில் காயைத் தொட்டு, நகர்த்தி, கடிகாரத்தை அடிக்கும் நேரம் போக யோசிக்க ஏழெட்டு விநாடி மிஞ்சும்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆடித் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. வழக்கமாக அந்த இடத்தில் வெளியே பார்க்காமல் இருக்க மாட்டேன். அன்று பார்க்கவில்லை.

நாற்பதாவது மூவ். ஹம்பி ஒரு சிப்பாயைக் கொடுத்தார். கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாத சிப்பாய். காய்களுக்கு உயிர் வரட்டும், எதிராளியைச் சிக்கலில் இழுக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். சமமான நிலையில், நேரம் குறைவாக உள்ளவர் சிக்கலை உண்டாக்குவது ஆபத்து, ஏனென்றால் அந்தச் சிக்கலை அவிழ்க்கத் தேவைப்படுகிற நேரம் அவரிடமே இல்லை. இதை வெளியிலிருந்து சொல்வது சுலபம். உள்ளே இருப்பவருக்கு அந்த நேரத்தில் தோன்றுவது வேறு: இப்படியே போனால் மெல்லச் செத்துப்போவேன், இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆட்டத்தின் உயிர். வெற்றி திவ்யாவின் கைக்கே வந்துவிட்டது. ஆனால் அவரும் அதை நழுவவிட்டார். யாருக்குச் சாதகம் என்று கம்ப்யூட்டர் கணித்துத் திரையின் ஓரத்தில் காட்டுகிற அந்த அளவுகோல், கருப்புக்குச் சாய்ந்திருந்தது, திரும்பவும் நடுவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கருத்துப் பெட்டியில், 'ரெண்டு பேரும் சொதப்புறாங்க' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அளவுகோலைப் பார்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு எல்லாமே சொதப்பல்தான். மேசையில் அளவுகோல் இல்லை. வெற்றி கையில் இருக்கிறது என்று திவ்யாவுக்கு யாரும் சொல்லவில்லை. இதிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது என்று ஹம்பிக்கும் யாரும் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்துத்தான் அந்த இடத்திலிருந்து அவர் எழுந்து வந்தார், கடிகாரத்தில் விநாடிகள் மட்டும் இருக்கும்போது.

பிறகு மற்ற பெரிய காய்கள் எல்லாம் போய், யானைகளும் சிப்பாய்களும் மட்டும் நின்றன. (வீட்டில் யானை என்றும் கிளப்பில் ரூக் என்றும் சொல்லிப் பழகியவள் நான். எண்ட்கேமில் மட்டும் எனக்கு அது எப்போதும் யானைதான்.)

யானை எண்ட்கேமைப் பற்றி ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சதுரங்கத்தில் அதிகம் வருகிற கடைசிக் கட்டம் அதுதான், ஏனென்றால் மூலையில் தூங்குகிற யானைகள்தான் கடைசியில் விழிக்கும், கடைசிவரை நிற்கும். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் சுலபமாக ஜெயித்துவிட முடியாது. தோற்கிறவருக்கு ஏதோ ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும். அந்த வழி பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம். யானை அந்தக் கட்டத்தில் நின்றால் டிரா, பக்கத்துக் கட்டத்தில் நின்றால் தோல்வி.

எனக்கு இது தெரியும் என்று சொன்னேன் அல்லவா. 1996, எனக்குப் பதினைந்து வயது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநிலப் போட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில். பந்தி போடுகிற நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, பத்துப் பத்துப் பலகையாக வைத்திருந்தார்கள். டிஜிட்டல் கடிகாரம் எல்லாம் அப்போது நாங்கள் பார்த்ததே இல்லை. சாவி கொடுக்கிற கடிகாரம். பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டே போகும். பன்னிரண்டைத் தாண்டினால் கொடி விழும், கதை முடிந்தது. கூடுதல் விநாடி என்று எதுவும் கிடையாது.

என் எதிரே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை. நாலரை மணி நேரம் ஆடினோம். மண்டபத்தில் எங்கள் பலகை மட்டும்தான் மிச்சம். அவளுக்கு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். எனக்கு ராஜாவும் ஒரு யானையும். என் ராஜா சிப்பாய்க்கு முன்னால் வழிமறித்து நிற்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் இந்த நிலையைப் பத்துத் தடவையாவது ஆடவைத்திருப்பார். எதிரி ராஜா ஏறி வர வேண்டிய வரிசையில் உன் யானையைக் குறுக்கே நிறுத்து. இடமும் வலமுமாக அதே வரிசையில் நகர்த்திக்கொண்டே இரு. அவள் வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவாள். தள்ளிய உடனே யானையைப் பலகையின் அடிக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பி. அவள் ராஜாவுக்கு ஒதுங்க நிழல் இருக்காது. டிரா. பதினெட்டாம் நூற்றாண்டில் பிலிடோர் என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த வழி இது. எங்கள் சார் அதற்கு வைத்த பெயர் 'குறுக்குக் கம்பு'. ஆடு தாண்டாமல் இருக்கப் படலில் வைக்கிற கம்பு.

எல்லாம் தெரியும். குறுக்குக் கம்பு போட்டுத்தான் ஆடினேன். இடம், வலம், இடம், வலம். கொடி ஏறிக்கொண்டே போனது. அவள் சிப்பாயைத் தள்ளவே இல்லை. அவளும் யானையை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. சிப்பாய் நகரும் முன்பே யானையை அடிக்கு இறக்கி, "செக்" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. கம்பை நானே எடுத்துவிட்டேன். அவள் ராஜா அந்த வரிசைக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகும் தப்பிக்க வழி இருந்திருக்கிறது, ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. பன்னிரண்டு மூவில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தேன்.

அவள் அழுதாள், ஜெயித்தவள். நான் அழவில்லை. வெளியே வராந்தாவில் அவள் அம்மா கொண்டுவந்திருந்த புளியோதரையை இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம். "நீ இன்னும் ரெண்டு மூவ் சும்மா இருந்திருந்தா நானே டிரா கேட்டிருப்பேன்ட்டி" என்றாள். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த வருஷத்தோடு ஆட்டம் நின்றது. சண்டை எதுவும் இல்லை. "ஊர் ஊராப் போகணும்னா துணைக்கு ஆள் வேணுமேம்மா, நான் எத்தனை லீவு போடுறது" என்றார் அப்பா. அது நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் பெண் பிள்ளைகள் ஆடுகிற இடங்களில் நான் முதலில் தேடுவது கூட வந்திருக்கிற ஆளை. வேலையை விட்ட ஹம்பியின் அப்பா. வைஷாலிக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் ரசம் சாதம் ஆக்கிக் கொடுக்க அடுப்பைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகிற நாகலட்சுமி அம்மா. பாட்டுமி அரங்கின் வெளியே நின்ற திவ்யாவின் அம்மா. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுததற்குக் காரணம் அதுதான்.

பஸ் ஸ்ரீரங்கத்தில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பூக்கூடை அக்கா, "யாரும்மா ஜெயிச்சா?" என்றார். "இன்னும் முடியலக்கா" என்றேன். ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு செருப்புக் கடை ஓரமாக நின்றுகொண்டு மிச்சத்தைப் பார்த்தேன்.

ஹம்பி தற்காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூவும் பத்து விநாடிக்குள். அந்த எண்ட்கேமில் அவருக்கு இன்னும் வழி இருந்தது. ஒரு மூவில் அந்த வழி அடைபட்டது. செருப்புக் கடை வாசலில் அது எனக்கு உடனே புரியவில்லை, அளவுகோல் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆனால் திவ்யாவுக்கு அளவுகோல் இல்லாமலே புரிந்தது. முன்னால் ஒரு தடவை நழுவவிட்டவர், இந்தத் தடவை விடவில்லை. அவருக்கு நேரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூவையும் சரிபார்த்து, சிப்பாயை நடத்திக்கொண்டு போனார். அவர் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கையில் வந்து நழுவிய வெற்றியை மனசிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் புதிதாக உட்கார்ந்து ஆடுவதற்கு ஒரு தனி பலம் வேண்டும். பத்தொன்பது வயதில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

ஹம்பி கைகொடுத்தார். திவ்யா முகத்தைப் பொத்திக்கொண்டார். நார்ம் ஒன்றும் இல்லாமல் வந்த பெண், கோப்பையை வென்றதாலேயே நேராக கிராண்ட்மாஸ்டர். இந்தியாவின் 88வது கிராண்ட்மாஸ்டர், பெண்களில் ஹம்பி, ஹரிகா, வைஷாலிக்கு அடுத்து நாலாவது. பரிசு 50,000 டாலர். 2023இல் பாக்குவில் ஆண்களும் ஆடிய பொது உலகக் கோப்பையை வென்றவருக்கு 1,10,000 டாலர், அதே அரங்கில் பெண்கள் கோப்பையை வென்றவருக்கு இதே 50,000தான். இரண்டு பேரும் யோசித்த மூளைக்கு ஒரே வலிதான், கணக்கு மட்டும் வேறு.

அன்று இரவு நான் நினைத்துக்கொண்டிருந்தது ஹம்பியை. ஏன் என்றால் அவரை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு கடைசிச் சுற்றுக்குப் போனேன். அந்த ஒலிம்பியாட் தொடங்கியதும் ஜூலை 28தான், சரியாக மூன்று வருஷம் முன்பு. ஹம்பி, நிறைமாதக் கர்ப்பிணியான ஹரிகா, வைஷாலி, தானியா, பக்தி ஆகியோர் இருந்த பெண்கள் முதல் அணி தங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பதினாறு வயதுத் திவ்யா இன்னொரு இந்திய அணியில் ஆடினார். கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கள் முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு இடையே எட்டிப் பார்த்தோம். அன்று அமெரிக்காவிடம் 3–1 என்று தோற்றார்கள். தங்கம் போய் வெண்கலம் வந்தது. இந்தியப் பெண்கள் அணிக்கு ஒலிம்பியாடில் அதுதான் முதல் பதக்கம், ஆனாலும் அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. "வெண்கலம் கிடைச்சிருக்குல்லம்மா, ஏன் எல்லாரும் இப்படி இருக்காங்க?" என்றாள் பத்து வயது மகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2024இல் புடாபெஸ்டில் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா. ஹம்பி அந்த அணியில் இல்லை.

இதையெல்லாம் எழுதவேண்டும் என்று ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. தோஹாவில் உலக ரேபிட் போட்டியின் கடைசி நாள். ஹம்பி மறுபடியும் முன்னணியில். கடைசிச் சுற்றில் எதிரே சென்னைப் பெண் சவிதா ஸ்ரீ. மகளும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். டிரா ஆனது. ஹம்பிக்கு வெண்கலம். மகள் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, உன் அந்த ஆட்டத்தை வையேன்" என்றாள்.

ஸ்கோர் ஷீட் தேவைப்படவில்லை. ராஜா, யானை, சிப்பாய் அவளுக்கு. ராஜா, யானை எனக்கு. குறுக்குக் கம்பு போட்டேன். இடம், வலம், இடம், வலம். பத்தரை மணி ஆனது. வீட்டுக்காரர் கதவருகே வந்து பார்த்துவிட்டு விளக்கை மட்டும் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவளும் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைப் போலவே யானையை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கை அரித்தது. மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். பிறகு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

யானையை அடி வரிசைக்கு இறக்கினேன். "செக்" என்றேன்.